மண்டைக்குள்ளே – 5: கொசுவத்தியும் கோர்ட்டு சாட்சியும்

நரம்பு, புலன், கவனம், பழக்கம்னு அறிமுக உளவியல் பாடத்தோட முதல் நாலு படியைப் போன பதிவுகளில் ஏறியாச்சு. இன்னைக்கு அஞ்சாவது படி: நினைவு.

பாடத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளையாட்டு. கீழே பதினஞ்சு சொல் இருக்கு. ஒரே ஒரு தடவை, நிதானமா, ஒவ்வொண்ணா படிங்க. அப்புறம் கீழே வந்துடணும். திரும்ப மேலே போய் எட்டிப் பார்க்கக் கூடாது. பிட் அடிச்சா நஷ்டம் உங்களுக்குத்தான் :-)

படுக்கை, ஓய்வு, விழிப்பு, களைப்பு, கனவு, எழுந்திரு, போர்வை, அசதி, தாலாட்டு, குறட்டை, பாய், கொட்டாவி, தலையணை, ராத்திரி, அமைதி.

படிச்சாச்சா? சரி, அது அப்படியே இருக்கட்டும். கொஞ்சம் கழிச்சு வருவோம்.

பதிவர்களான நமக்கெல்லாம் ரொம்பப் பிடிச்ச சரக்கு எது? கொசுவத்திதான். பழைய சினிமாவில் ஃபிளாஷ்பேக் ஆரம்பிக்கும்போது திரையில் ஒரு வட்டம் சுத்துமே, அதுக்கு நம்மாளுங்க வெச்ச பேரு. ஊரை விட்டு வந்தவங்களுக்கு இது கூடுதலா ஒட்டிக்கும். தாத்தா வீட்டுத் திண்ணை, பள்ளிக்கூட வாசல் மாங்காய்ப் பத்தை, முதல் நாள் முதல் ஷோ என்று எழுத உட்கார்ந்தால், எல்லாம் பொட்டிக்குள்ள மடிச்சு வெச்ச பட்டுப்புடவை மாதிரி அப்படியே இருக்கிறதாகத் தோணும். எடுத்து உதறினால் போதும், அன்னைக்கு இருந்த மடிப்பு கூட கலையாமல் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் இல்லை. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் சுமார் 1,500 பேரிடம் தொலைபேசியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2011-ல் வெளியிட்டார்கள். நினைவு என்பது வீடியோ கேமரா மாதிரி, பார்த்ததைக் கேட்டதைத் துல்லியமாகப் பதிவு செஞ்சு வெச்சுக்கும் என்று ஒத்துக்கொண்டவர்கள் 63 சதவீதம். நினைவை ஆராய்ச்சி செய்கிறவர்களோ இதைச் சுத்தமாக ஏத்துக்கிறதில்லை. பாடப்புத்தகத்துக்கும் பொதுஜனத்துக்கும் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிற தலைப்புகள் ரொம்பக் கம்மி. இந்தப் பள்ளத்தில் விழுந்து ஒரு ஆள் பத்து வருஷத்துக்கு மேலே ஜெயிலில் இருந்திருக்கிறார். அவர் கதைக்கும் வர்றேன்.

முதலில் பாடம். நினைவை மூணு கட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு விஷயத்தை உள்ளே வாங்கிப் பதிய வைப்பது, பதிஞ்சதைச் சேமித்து வைப்பது, வேணும்கிறப்ப வெளியே எடுப்பது. சுருக்கமாக பதிவு, சேமிப்பு, மீட்பு. பரீட்சை ஹாலில் எதுவும் ஞாபகம் வராமல் முழிக்கும்போது இந்த மூணில் எது காலை வாரியது என்று தெரியாமலே 'எனக்கு ஞாபக மறதி' என்று சொல்லிவிடுகிறோம்.

பதிவு பற்றி ஒரு கேள்வி. இப்போ இருக்கிற 500 ரூபாய் நோட்டுக்குப் பின்னாடி என்ன படம்? 100 ரூபாய் நோட்டில்? ஆயிரம் தடவை கையில் வாங்கியிருப்போம், எண்ணியிருப்போம். பதில்: 500-ல் டெல்லி செங்கோட்டை, 100-ல் குஜராத்தில் இருக்கிற ராணி கி வாவ் படிக்கிணறு. டக்குனு சொல்லியிருந்தால் நீங்க கில்லாடி. 1979-ல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் அமெரிக்கர்களிடம் அவங்க ஊர் ஒரு சென்ட் காசை வரையச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் சொதப்பினார்கள். எத்தனை தடவை கண்ணில் பட்டது என்பது மட்டும் போதாது. கவனிக்காத விஷயம் உள்ளேயே போகாது. உள்ளே போகாததை மறக்கவும் முடியாது.

சேமிப்புக்கு வருவோம். எந்த ஊர் உளவியல் புத்தகத்தை எடுத்தாலும் ஹெச்.எம். என்று ஒருவர் வருவார். முழுப்பெயர் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்பு நோய். 1953-ல், அவருக்கு 27 வயசு இருக்கும்போது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரண்டு பக்கமும் உள்ளே இருக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பாலான பாகத்தை எடுத்துவிட்டார். வலிப்பு குறைஞ்சது. ஆனால் அதுக்கப்புறம் புதுசா எந்த அனுபவமும் அவருக்குள் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் புது ஆள். ஆனால் பேச்சு, புத்திக்கூர்மை, சின்ன வயசு ஞாபகம் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கண்ணாடியில் பார்த்தபடியே வரையச் சொன்னார். முயற்சி பண்ணிப் பாருங்க, கை எதிர்ப்பக்கம் இழுக்கும். மூணு நாள் பயிற்சியில் ஹென்றியின் கை நல்லாவே பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு இது முன்னே பின்னே பார்க்காத வேலை. அதாவது, கைப்பழக்கத்துக்கு ஒரு சேமிப்பு, அனுபவத்துக்கு வேறொரு சேமிப்பு. சைக்கிள் ஓட்டுறது மறக்காமல், நேத்து ராத்திரி சாப்பிட்டது மறந்து போவதில் அதிசயம் எதுவும் இல்லை. ஹென்றி 2008-ல் தன் 82-வது வயதில் இறந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆராய்ச்சிக்கு உட்கார்ந்த மனுஷன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை.

நம்ம மாதிரி ஹிப்போகாம்பஸ் முழுசா இருக்கிறவங்களுக்கும் சேமிப்பு ஓட்டைப் பானைதான். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளாக எழுதி வைத்துக்கொண்டு, தன்னைத்தானே சோதனை எலியாக்கி, மனப்பாடம் செய்வதும் மறப்பதுமாக உட்கார்ந்திருந்தார். 1885-ல் புத்தகமாகப் போட்டார். மறந்ததைத் திரும்பப் படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சம் ஆகிறது என்பதுதான் அவர் அளவுகோல். இருபது நிமிஷத்தில் மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் சுமார் 34. ஒரு மாசத்தில் 21. முதலில் சடாரென்று சரியும், அப்புறம் மெதுவாகும். 2015-ல் நெதர்லாந்தில் இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே வளைவுதான் வந்தது.

இந்தச் சரிவை நிறுத்த என்ன வழி? இங்கேதான் மூணாவது கட்டமான மீட்பு வருது. இன்னைக்குப் பதிவோட உயிரே இதுலதான் இருக்கு.

ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனை. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்தார்கள். ஒரு குழு நாலு வேளையும் அதைப் படிச்சுக்கிட்டே இருந்தது. இன்னொரு குழு ஒரு வேளை படிச்சு, மிச்ச மூணு வேளையும் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. அஞ்சு நிமிஷம் கழிச்சு சோதிச்சப்ப, படிச்ச குழு 83 சதவீதம், எழுதிப் பார்த்த குழு 71. ஒரு வாரம் கழிச்சு? படிச்ச குழு 40-க்கு விழுந்தது. எழுதிப் பார்த்த குழு 61-ல் நின்னது.

எங்க பாட்டி இந்த ஆராய்ச்சியை எல்லாம் படிக்கலை. ஆனா "புஸ்தகத்தை மூடிட்டு ஒப்பி"ன்னு சொல்லும். திருக்குறளை நாம எல்லாரும் ஒப்பிச்சுத்தான் ஏத்தினோம். மனப்பாடம்னா மட்டமா பார்க்கிற காலம் இது. புரியாமல் உருப்போடுவதை நானும் ஆதரிக்கலை. ஆனா மூடி வெச்சு ஒப்பிக்கிறது நினைவை உரமாக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கச்சிகளே, மஞ்சள் மை பூசிப் பூசிப் படிக்கிறதை விட்டுட்டு இதைச் செய்ங்க.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? ஒரு நினைவை வெளியே எடுத்தோம். எடுத்ததால் அந்த நினைவு மாறிவிட்டது. இங்கே நல்லபடியாக மாறியது, பலமானது. வீடியோவைப் போட்டுப் பார்த்தால் வீடியோ மாறாது. மனுஷ நினைவு எடுக்கும்போதெல்லாம் திரும்ப எழுதப்படுகிறது. குறளை ஒப்பிக்கும்போது தப்பு வந்தால் பாட்டி கையில் புஸ்தகம் இருக்கு, உடனே திருத்திடும். வாழ்க்கை ஞாபகத்துக்குப் புஸ்தகம் ஏது? தப்பாக எழுதினாலும், அந்தத் தப்பும் சேர்ந்தே பலமாகும்.

அதை முதலில் அழகாகக் காட்டியவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடரிக் பார்ட்லெட். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து, மாசம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். 1932-ல் வெளிவந்த அவர் புத்தகத்தில் இது இருக்கு. கதை சொல்லச் சொல்லச் சுருங்கியது. கதையில் வந்த பழங்குடி ஓடம் சாதாரணப் படகானது. நீர்நாய் மாதிரி இருக்கிற கடல் விலங்கு வேட்டைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனார்கள். பேய் சமாச்சாரம் காணாமலே போச்சு. யாரும் வேணும்னு மாத்தலை. புரியாத இடத்தை அவரவருக்குப் பழக்கமான உலகத்தை வைத்து நிரப்பினார்கள். அப்படி நிரப்பினது அவங்களுக்கே தெரியாது.

இப்போ நம்ம விளையாட்டுக்கு வருவோம். மேலே பார்க்காமல் சொல்லுங்க. இந்த நாலில் எதெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது?

குறட்டை. ஜன்னல். தூக்கம். தலையணை.

ஜன்னல் இல்லை என்று எல்லாரும் சொல்லியிருப்பீங்க. குறட்டையும் தலையணையும் இருந்தது. தூக்கம்?

இல்லை. இப்போ வேணும்னா மேலே போய்ப் பார்த்துட்டு வாங்க, காத்திருக்கேன் :-)

வகுப்பு உதவியாளரா நிக்கிற நான் முதலாமாண்டுப் பசங்ககிட்ட இதைச் செய்யும்போது, 'நீங்க வாசிச்சீங்க, என் காதால கேட்டேன்'னு சண்டைக்கே வருவாங்க. ரோடிகரும் மெக்டெர்மாட்டும் 1995-ல் இதே மாதிரிப் பட்டியல்களை வைத்துச் செய்த முதல் சோதனையில், சொல்லாத அந்த ஒரு சொல்லைச் சுமார் 40 சதவீத வாய்ப்புகளில் ஆட்கள் தாங்களாகவே எழுதினார்கள். படுக்கை, பாய், போர்வை என்று கேட்கும்போதே மூளைக்குள் 'தூக்கம்' எரிய ஆரம்பிச்சிடுது. அது வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே கிளம்பியதா என்று பின்னால் பிரிச்சுப் பார்க்க முடியலை. பொய் சொல்லவில்லை. ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

ஒரு பட்டியலில் ஒரு சொல் கூடினால் குடி முழுகிடாது. சாட்சி சொல்லும்போது?

எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் 1974-ல் செய்த சோதனை. கார்கள் மோதிக்கொள்ளும் படத்தைக் காட்டிவிட்டு, எவ்வளவு வேகத்தில் போனதுன்னு கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். 'அடிச்சு நொறுக்கிக்கிட்டப்ப எவ்வளவு வேகம்?' என்று கேட்டால் சராசரி பதில் மணிக்குச் சுமார் 40 மைல். 'ஒண்ணை ஒண்ணு தொட்டப்ப' என்று கேட்டால் சுமார் 32. பார்த்தது ஒரே படம்.

இரண்டாவது சோதனையில் ஒரு வாரம் கழித்து, 'உடைஞ்ச கண்ணாடி பார்த்தீங்களா?' என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. 'நொறுக்கி' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். வேகம் பற்றியே கேட்கப்படாத 50 பேரில் 6 பேர்தான். கேள்வி கேட்டவர் வாயிலிருந்து ஒரு சொல் நழுவி, பார்த்தவர் கண்ணுக்குள் கண்ணாடித் துண்டாகப் போய் விழுந்திருக்கு. இனிமேல் டிவியில் மைக்கை நீட்டி 'அவன் வெறித்தனமா வெட்டினானா?' என்று கேட்பதைப் பார்த்தால் எனக்கு வயித்தைக் கலக்காமல் என்ன செய்யும்?

'அதெல்லாம் சின்ன விஷயம் பாஸ், பெரிய சம்பவம் எல்லாம் கல்வெட்டு மாதிரி பதியும்' என்பீர்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையே உல்ரிக் நைஸர் தன் மாணவர்களிடம் எங்கே, யார் சொல்லி, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் திரும்பக் கேட்டார்கள். முழுசாகப் பொருந்தியது 3 பேருக்கு. 11 பேருக்கு எதுவுமே பொருந்தவில்லை. தப்பாகச் சொன்னவர்கள் பலரும் ரொம்ப உறுதியாகச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டிய பிறகும் பழைய ஞாபகம் திரும்ப வரவில்லை.

எங்க வீட்டில் இதே மாதிரி ஒரு வழக்கு உண்டு. 1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். இறந்த நாள். அம்மா தாத்தா வீட்டுக் கூடத்தில் ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்ததாகச் சொல்லும். பெரியம்மாவோ, "நீ எங்கடி இங்க இருந்தே? அன்னிக்கு அத்தை வீட்டுல மாட்டிக்கிட்டு, பஸ் இல்லாம மறுநாள்தானே வந்தே"ன்னு சொல்லும். ரெண்டு பேருமே சத்தியம் பண்ணுவாங்க. ஒவ்வொரு விசேஷத்துக்கும் இந்தக் கதை வெளியே வரும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் உறுதியாகும்.

நம்ம தலைமுறைக்கு ஒரு உதாரணம். 2016 டிசம்பர் 5, ஜெயலலிதா மரணம். எப்போ கேள்விப்பட்டீங்க? சாயங்காலம் என்று பல பேர் சொல்வாங்க, ராத்திரி என்று பல பேர் சொல்வாங்க. அன்னைக்குச் சாயங்காலமே சில சேனல்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டுப் பின் வாங்கின. மருத்துவமனை அறிவிப்பின்படி இறந்த நேரம் இரவு 11.30. உங்க ஞாபகத்தில் இருக்கிறது எந்தச் செய்தி? கஷ்டம்தான் இல்ல?

இப்போ ஆரம்பத்தில் சொன்ன ஆள்.

1984 ஜூலை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், பர்லிங்டன். ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற 22 வயசுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் ராத்திரி ஒருவன் புகுந்து, கத்தியைக் காட்டிப் பாலியல் வன்முறை செய்தான். அந்த நேரத்திலும் ஜெனிஃபர் ஒரு முடிவு எடுத்தார். உயிரோடு தப்பினால் இவனை விடக்கூடாது. முகத்தை, குரலை, உயரத்தைக் கவனமாகப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டார்.

போலீஸ் சில புகைப்படங்களைக் காட்டியது. நாலைஞ்சு நிமிஷம் பார்த்து ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தை எடுத்தார். பிறகு நேரடி அணிவகுப்பு. அதிலும் காட்டனையே காட்டினார். படத்திலும் நேரிலும் இரண்டிலுமே இருந்த ஒரே ஆள் காட்டன்தான். நீ படத்தில் எடுத்ததும் இவனைத்தான் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அதோடு ஜெனிஃபருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போச்சு. நீதிமன்றத்தில் முழு உறுதியோடு சாட்சி சொன்னார். காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

1987-ல் மறு விசாரணை. பாபி பூல் என்ற இன்னொரு கைதி, தான்தான் செய்ததாகச் சிறையில் பேசியிருந்தான். அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவனை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்றார் ஜெனிஃபர். காட்டன் திரும்பவும் சிறைக்குப் போனார்.

1995-ல் டி.என்.ஏ. சோதனை. குற்றவாளி பூல். காட்டன் வெளியே வந்தார், பத்தரை வருஷம் கழித்து.

ஜெனிஃபர் பொய் சொல்லவில்லை. அலட்சியமாகவும் இல்லை. அந்த நிலைமையில் அவரளவுக்குக் கவனமாகப் பார்த்த சாட்சி கிடைப்பதே அபூர்வம். புகைப்படம், அணிவகுப்பு, நீதிமன்றம் என்று ஒவ்வொரு முறை நினைவை எடுக்கும்போதும் அதில் காட்டனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்பட்டது. கடைசியில் உண்மையானவன் எதிரில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. தப்பு என்று நிரூபணமான பிறகும், அந்த ராத்திரியை நினைத்தால் காட்டனின் முகமே வந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவரும் காட்டனும் பின்னால் சந்தித்து நண்பர்களாகி, 2009-ல் சேர்ந்து புத்தகமே எழுதினார்கள். அந்தப் பெருந்தன்மையை நினைச்சா இன்னைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இது தனிப்பட்ட ஒரு விபத்து இல்லை. 'இன்னொசன்ஸ் ப்ராஜெக்ட்' அமைப்பின் கணக்குப்படி, 1989 முதல் 2020 வரை அமெரிக்காவில் டி.என்.ஏ. மூலம் நிரபராதி என்று விடுதலையானவர்கள் 375 பேர். அதில் 69 சதவீத வழக்குகளில் தவறான அடையாளம் காட்டல் இருந்தது.

அப்போ சாட்சியே வேண்டாமா? அங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகுது. அயோவாவில் கேரி வெல்ஸும் பிராட்ஃபீல்டும் 1998-ல் வெளியிட்ட சோதனையில், தவறான ஆளை எடுத்தவர்களிடம் 'நல்லது, சரியான ஆளைத்தான் எடுத்திருக்கீங்க' என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்கள். அதுக்கப்புறம் அவர்கள், முதலிலிருந்தே தங்களுக்கு ரொம்ப உறுதியாக இருந்ததாகவும், முகத்தை நல்லாப் பார்த்ததாகவும் சொன்னார்கள். அந்த ஒரு பாராட்டு, பார்த்த ஞாபகத்தையே மாற்றிவிட்டது. ஆனால் ஜான் விக்ஸ்டெட்டும் அதே வெல்ஸும் 2017-ல் ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முறையாக நடத்தப்பட்ட முதல் அடையாளம் காட்டலில், அந்த நிமிஷமே சாட்சி சொல்லும் உறுதிக்கு நல்ல மதிப்பு உண்டு என்று கண்டார்கள். நீதிமன்றத்தில் மாசக்கணக்கில் கழித்துச் சொல்லும் உறுதி வேறு சரக்கு. முதல் தடவை எடுத்த நினைவு கைரேகை மாதிரி. பல பேர் கை பட்ட பிறகு அதில் யார் ரேகை என்று சொல்ல முடியாது.

காட்டன் வழக்கு நடந்த அதே வட கரோலினா 2007-ல் சட்டமே கொண்டுவந்தது. சந்தேக நபர் யார் என்று தெரியாத ஒருவர்தான் படங்களைக் காட்ட வேண்டும். குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் வார்த்தையிலேயே அப்போதே பதிவு செய்ய வேண்டும். பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். மீட்பு நினைவை மாற்றும் என்ற பாடத்தைப் புரிந்துகொண்டால் போதும். நம்ம ஊர் பேப்பரில் 'அடையாள அணிவகுப்பு' என்று படிப்போமே, அதுக்கு முன்னாடி சந்தேக நபரைச் சாட்சி பார்த்துவிட்டால் அதன் மதிப்பு போவதும் இதே காரணத்தால்தான். கைதானவர் முகத்தை முந்திக்கொண்டு செய்தியில் காட்டினால், அல்லது நாமே வாட்ஸப்பில் 'இவன்தான் அவன்' என்று பரப்பினால், ஒரு சாட்சியின் தலைக்குள் போய்க் கிறுக்கிட்டு வர்றோம் என்று அர்த்தம்.

கொசுவத்தி சுத்துறவங்களுக்கும் இதில் சேதி இருக்கு. முக்கியமான ஒண்ணு நடந்தால், நாலு பேரிடம் பேசுவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்ததை அன்றைக்கே எழுதி வைக்கலாம். தேதி போட்டு, ரெண்டு வரியானாலும் போதும். வீட்டுப் பெரியவங்ககிட்ட பழைய கதை கேட்கும்போது 'அப்ப தாத்தா கோவமா இருந்தாரா?' என்று நாமே எடுத்துக் கொடுக்காமல், 'அப்புறம்?' என்று மட்டும் கேட்கலாம். குழந்தை அழுதுகொண்டு வந்து எதையோ சொல்ல வந்தால் இது ரொம்ப ரொம்ப முக்கியம். நம்ம பயத்தைக் கேள்வியாக்கி அது வாயில் திணிச்சிடக் கூடாது. அது சொல்லட்டும்.

டிஸ்கி: நினைவு எல்லாமே பொய் என்று யாராவது இந்தப் பதிவைக் காட்டிப் பேசினால் நம்பாதீங்க. நடந்த கொடுமையைச் சொல்ல வருகிறவர்களை வாயடைக்க இந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. ஜெனிஃபருக்கு நடந்தது நூறு சதவீதம் உண்மை. முகம் மட்டுமே மாறியிருந்தது. அதையும் மாற்றியதில் அவரைக் கேட்ட முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

அம்மா-பெரியம்மா வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கு. தீர்ப்பு சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது :-) அடுத்த வாரம் ஆறாவது படி: உணர்ச்சி. பயந்ததால் ஓடுறோமா, ஓடுறதால் பயப்படுறோமா? யோசிச்சு வைங்க, வந்து பேசுவோம்.